வெள்ளை மூடிச் சொட்டு

வெளிச்சப் பொட்டு தெரிந்தால் மட்டும் பொத்தானை அமுக்கச் சொல்லி, நர்ஸ் என் வலது கண்ணை மூடிக் கட்டினாள். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை ரோஸ்மேரி என்றால் தெரியாதவர்கள் இல்லை. சின்ன ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசர் சென்னியப்பனே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்தான் இப்போது கோட்டைவிடுகிறது. போன வாரம் நான் பார்த்து அனுப்பிய பீஸ்களைத் திருப்பிக்கொண்டுவந்து என் முன்னாலேயே கொட்டினார்கள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று லீவு போட்டு வந்திருந்தேன். துணைக்கு மகள் ஆஷா. அவளும் என் மேசைதான். பிளஸ் டூ முடித்த கையோடு நான்தான் சேர்த்துவிட்டேன்.

ஒரு பொட்டு தெரிந்தது. அமுக்கினேன், டக். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் பழுது போல என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சத்யப்பிரியா கண்ணின் அழுத்தத்தை அளந்தார். உள்ளே லைட் அடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணுக்கு என்ன மருந்து போடுகிறேன் என்று கேட்டார். பையிலிருந்து வெள்ளை மூடிச் சொட்டை எடுத்து வைத்தேன். பஞ்சுத் தூசியில் கண் அரிக்காத செக்கிங் பொம்பளை திருப்பூரில் உண்டா? மெடிக்கலில் கேட்டால் எடுத்துக் கொடுப்பான். ரெண்டு சொட்டு விட்டால் சிவப்பும் அரிப்பும் போன இடம் தெரியாது. டீ வரும் நேரத்தில் அந்தப் பாட்டிலும் எங்கள் மேசையைச் சுற்றிவரும். வருஷக்கணக்காக அதைத் தீராமல் வாங்கி வைப்பவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஏனுங்கம்மா, இதுல ஸ்டீராய்டு இருக்குதுங்க. உடாம போட்டா சில பேருக்கு அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு செத்துப்போயிருமுங்க."

கிளாக்கோமா என்றார். இடது கண்ணில் பாதிக்குமேல் போய்விட்டதாம். வலதும் ஓரத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறதாம். மெஷின் பழுதில்லை. பொட்டுகள் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. என் நாத்தனாருக்குப் புரை எடுத்துப் பார்வை வந்ததே, அதுபோல ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அது புரைங்கம்மா. இதுல போனது போனதுதானுங்க. மிச்சத்தை வேற சொட்டு போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம்."

மெடிக்கல்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். டாக்டர் என்னைத் தாண்டி ஆஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

"நீயும் இதைப் போடுவியா கண்ணு?"

ஆஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மாதான் போட்டுவிடுவா."

வேலைக்குக் கிளம்புமுன் என் மடியில் தலையைச் சாய்ப்பாள். இமையைப் பிரித்து என் கையால்தான் விடுவேன். சிவந்த கண்ணோடு பிள்ளை நாலு பேர் முன்னால் நிற்கக் கூடாது என்றுதான் விட்டேன், பாவி.

அவளுக்கும் அழுத்தம் பார்த்தார்கள். டாக்டர் அவளையும் அதே இருட்டறைக்கு அனுப்பினார். மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே டக் என்றது. மறுபடி டக். பிடித்திருந்த மூச்சை விட்டேன். அடுத்ததற்காகக் கதவில் காதை வைத்தேன்.

"அமுக்குடி," என்றேன் மெதுவாக.

உள்ளே மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.