பொட்டு வைக்காத பலகை

ஒரு விளம்பரக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு ஆபீசில் வைத்த பெயர் ஸ்கேல். சுவரில் மாட்டிய படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் போதும், எதிரே பேசிக்கொண்டிருப்பவர் மந்திரியே ஆனாலும் சரி, எழுந்துபோய் அதை நேராக்கிவிட்டுத்தான் மறுபடி உட்காருவாள். அப்படிப்பட்டவள் செய்த பிழைப்பு என்ன தெரியுமா? நேராக இருப்பதைக் கோணலாக்குவது.

கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். சோப்பு உறை, பிஸ்கட் டப்பா, தலைவலி மாத்திரை அட்டை என்று எதை வரைந்து கொடுத்தாலும், கிளையன்ட் என்கிற மனுஷர் ஏதாவது ஒன்றை மாற்றச் சொல்லாமல் நாற்காலியை விட்டு எழ மாட்டார். சும்மா எழுந்துவிட்டால் அப்புறம் அவர் எதற்குக் கிளையன்ட்? அதனால் அந்த ஆபீசில் ஒரு பழக்கம் இருந்தது. நன்றாக வந்த டிசைனில் வேண்டுமென்றே ஒரு தப்பை வைத்துவிடுவார்கள். ஓர் எழுத்தைப் பருமனாக்குவார்கள், ஓர் இலையை இடம் மாற்றி ஒட்டுவார்கள். கிளையன்ட் அதைக் கண்டுபிடித்து, "இது உறுத்துதே" என்பார். "அடடா, எங்க கண்ணுல படலையே சார்!" என்று இவர்கள் வியந்து திருத்துவார்கள். மிச்சமெல்லாம் தப்பிக்கும். கண்படாமலிருக்கக் குழந்தை கன்னத்தில் மை வைப்பது மாதிரி என்று, அந்தத் தப்புக்குப் பொட்டு என்றே பெயர்.

ஸ்கேல் வைக்கிற பொட்டு கம்பெனியிலேயே பிரசித்தம். கிளையன்ட்டின் கண் நேரே போய் அதன்மேல்தான் விழும். ஆனால் போகப்போக அவள் சந்தோஷம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வேலையை முழுசாக, குறை வைக்காமல் முடித்துக் கொடுத்தது எப்போது என்று ஒரு நாள் யோசித்தாள். பத்தொன்பது வருஷத்தைத் தலைகீழாக உதறிப் பார்த்தும் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

அப்போதுதான் வியாபாரத்தில் மந்தம் வந்தது. முதலில் பிஸ்கட்காரர் போனார், பிறகு மாத்திரைக்காரர் போனார், கடைசியில் காபி மெஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள். காலியான நாற்காலிகளை ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்கள். இருந்தவர்கள் அந்த மூலைப் பக்கம் திரும்பாமல் வேலை செய்தார்கள்.

ஒரு நாள் வாசல் போர்டில் விளக்கு அணைந்துபோய், சரிசெய்ய ஓர் எலக்ட்ரீஷியன் அம்மா வந்தார். ஏணி போட்டு ஏறினார், எதையோ வெட்டினார், முறுக்கினார், கீழே இறங்கி சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. "எரியுது" என்றார், பையைத் தோளில் மாட்டினார், போய்விட்டார். அவ்வளவுதான். 'இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கலாமோ' என்று யாரும் இழுக்கவில்லை. 'ஏதோ ஒண்ணு குறையுது, என்னன்னு சொல்லத் தெரியலை' என்று யாரும் தாடையைத் தடவவில்லை. ஸ்கேலுக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவள் நகையைப் பார்த்துக்கூட அவள் அப்படிப் பொறாமைப்பட்டதில்லை.

அந்த வாரமே முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார். அவர் குடும்பம் என்று ஆரம்பித்தாலே யாருக்கோ சீட்டுக் கிழியப் போகிறது என்று அர்த்தம். "உன் டீம்ல ரெண்டு பேரைக் குறைக்கணும்மா. யாரு யாருன்னு நீயே எழுதிக் குடுத்துடு. நான் எழுதினா நல்லா இருக்காது."

அவள் அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள்.

"ரெண்டு பேர் கேட்டேன். ஒண்ணுதானே இருக்கு? அதுவும் உன் பேரு."

"என் ஒரு ஆள் சம்பளத்துல சின்னவங்க ரெண்டு பேர் அடங்கிடுவாங்க சார். கணக்குச் சரியா வரும்."

முதலாளி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கப்படி எங்கேயாவது ஒரு பொட்டு வைத்திருப்பாள் என்று தேடினாரோ என்னவோ.

வீட்டில் புருஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். சட்டென்று பதறுகிற ஆள் இல்லை. "எலக்ட்ரீஷியனா? சரி. நான் டபுள் ஷிப்ட் பாக்குறேன். ஒரு வருஷம் தாங்கும். அதுக்கு மேல முதுகு தாங்காது" என்றார். நாத்தனார்தான் விடவில்லை. அடுத்த தெருவில் இருக்கிறவள், வெறும் வாயையே மெல்லுகிறவள், அவல் கிடைத்தால் விடுவாளா? "பெரிய ஆர்ட்டிஸ்ட், பெரிய ஆர்ட்டிஸ்ட்னு என் தம்பி தலையில தூக்கி வெச்சு ஆடினான். இப்ப அவ கம்பி இழுக்கப் போறாளாம்" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள். அக்கம்பக்கத்தில் சொல்லித் தீர்ந்ததும் போனை எடுத்துக்கொண்டாள்.

பயிற்சி வகுப்பில் ஸ்கேலுக்குத்தான் வயது அதிகம், நாற்பத்து மூன்று. சொல்லிக்கொடுக்கிறவரே அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் மாதம் விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம். இரண்டாம் மாதம் ஒரு தரம் ஷாக் அடித்துப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான்காம் மாதம் அவள் இழுத்த ஒயர்கள் மூலைக்கு மூலை ஒரே மாதிரி திரும்பி, கோடு போட்டது போல நின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துப் போனார்கள்.

ஆறாம் மாதம் மாதிரித் தேர்வு. ஒரு பலகையில் இரண்டு விளக்கு, அதில் ஒன்றை மாடிப்படி விளக்கு மாதிரி இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்க வேண்டும். ஒரு பிளக் பாயின்ட், முறையான எர்த். ஸ்கேல் முடித்ததும் பயிற்சியாளர் ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். பிளக் பாயின்டில் ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது.

"என்னக்கா இது? ஸ்க்ரூவை முறுக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கலை" என்றாள். பொய் சொல்ல வரவில்லை. "உங்களுக்காக வெச்சேன்."

"எனக்காகவா?"

"நீங்க கண்டுபிடிக்கணும்னு. கண்டுபிடிச்சா உங்களுக்கு ஒரு திருப்தி. மத்ததை நோண்ட மாட்டீங்க."

சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "அக்கா, இதுல யாராவது ஹீட்டரைச் சொருகினா கம்பி சூடேறி வீடே பத்திக்கும். நான் கண்டுபிடிச்சேன், சரி. கண்டுபிடிக்காம விட்டிருந்தா?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பத்தொன்பது வருஷப் பழக்கம் ஆறு மாதத்தில் போய்விடுமா? அவள் கை அதுவாகவே அந்த ஸ்க்ரூவை அரைச் சுற்று விட்டு வைத்திருந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தன் கையைத் தானே அந்நியர் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஏழாம் மாதம் லைசென்சுக்கான நிஜத் தேர்வு. வருஷத்துக்கு ஒரு தரம்தான் நடக்கும். தேறாவிட்டால் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும், புருஷன் முதுகோ ஏற்கெனவே இடுப்புப் பட்டை போட்டுக்கொண்டு நடக்கிற நிலைக்கு வந்திருந்தது. போதாக்குறைக்குத் தேர்வாளர் யார் என்றால், பூதக்கண்ணாடி என்று ஊரே பெயர் வைத்த ஆள். முட்டையிலும் மயிர் பிடுங்குவார். குறைகள் என்ற கட்டத்தை அவர் காலியாக விட்டதாகச் சரித்திரமே இல்லை.

"சின்னதா ஒண்ணு விட்டு வெச்சிடுங்கக்கா" என்று வகுப்பில் எல்லோரும் சொன்னார்கள். "ஒயர்ல வேண்டாம். லேபிளைக் கொஞ்சம் கோணலா ஒட்டினா போதும். ரெண்டு மார்க் போகும், ஆளு குளிர்ந்துடுவார். போன வருஷம் ஒருத்தன் பலகையில ஒண்ணும் கிடைக்கலைன்னு, எல்லாத்தையும் கழட்டிக் கடைசியில ஏதோ ஒண்ணைப் புடிச்சு ஃபெயில் போட்டுட்டார்."

எதை விட்டு ஸ்கேல் ஓடிவந்தாளோ அது இங்கேயும் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது.

தேர்வன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது பழைய முதலாளியிடமிருந்து போன். "மார்க்கெட் எழுந்துடுச்சும்மா. சோப்புக்காரர் திரும்ப வந்திருக்கார். நாலு டிசைன் காமிச்சோம், நாலையும் குதறிட்டார். உன்னை மாதிரிப் பொட்டு வைக்க இங்க யாருக்கும் வரலை. சீஃப் டிசைனர் நாற்காலி உனக்குத்தான். சாயங்காலம் கூப்பிடறேன், முடிவைச் சொல்லு."

ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். சுழலுகிற நாற்காலி, குளிர்ந்த அறை, புருஷனுக்கு ஒற்றை ஷிப்ட். பஸ் ஏறி இறங்குகிறவரை அந்த நாற்காலி கூடவே வந்தது.

மாதிரித் தேர்வில் வந்த அதே பலகை வேலைதான். மூன்று மணி நேரத் தேர்வை ஸ்கேல் கால் மணி முன்னதாகவே முடித்துவிட்டாள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டு தரம் முறுக்கினாள். பிளக் பாயின்டை மூன்று தரம். லேபிள் ஒன்றுதான் பாக்கி. அதைக் கையில் எடுத்ததும் விரல்கள் தாமாகவே ஒரு பக்கம் சாய்ந்தன. ஒரு நூல் போதும். ஒரு நூல் சாய்த்தால் லைசென்ஸ் நிச்சயம். யாருக்கும் ஆபத்தில்லை, வீடு எதுவும் பற்றிக்கொள்ளாது.

ஆனால் இந்த ஒன்றையும் அப்படிக் கொடுத்துவிட்டால், முழுசாக முடித்தது என்று சொல்லிக்கொள்ளத் தன் வாழ்க்கையில் எதுவுமே இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வந்தது. பூதக்கண்ணாடி மேல் இல்லை, தன் விரல்கள் மேல். லேபிளை நேராக, வெட்டிவைத்த மாதிரி நேராக ஒட்டினாள். பிறகும் கை அரித்தது. மிச்சமிருந்த நேரம் முழுவதும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பூதக்கண்ணாடி வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆள் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. டார்ச் அடித்தார். ஒயர்களை ஒன்று விடாமல் இழுத்தார். கோணல் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து சுவிட்சுகளின் மேல் வைத்தார், லேபிளின் மேலும் வைத்தார். மூடியைக் கழற்றினார், மூக்கு கம்பியில் படுகிற அளவு குனிந்தார். மற்ற பலகைகளுக்கு ஐந்து நிமிடம் ஆனது, இதற்கு இருபத்தைந்து. அறையில் எல்லோரும் தங்கள் பலகையை விட்டுவிட்டு இங்கேயே பார்த்தார்கள். பயிற்சியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூதக்கண்ணாடி மெயினைப் போட்டு, மாடிப்படி விளக்கின் இரண்டு சுவிட்சையும் மாற்றி மாற்றித் தட்டினார். எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

"எத்தனை வருஷ அனுபவம்?"

"ஏழு மாசம் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"பத்தொன்பது வருஷம் வேணும்னே தப்பு வெச்சிட்டிருந்தேன் சார்."

அவருக்குப் புரியவில்லை. தாளை எடுத்தார். குறைகள் என்ற கட்டத்தின் மேல் பேனா ரொம்ப நேரம் நின்றது. பழக்கமில்லாத வார்த்தையை எழுதுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். அவர் திரும்பி முறைத்தார், ஆனால் முறைப்பில் அவ்வளவு வேகமில்லை.

அவரவர் பலகையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார்கள். ஸ்கேல் அதைப் பிள்ளையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். தெருவில் இறங்கி நடக்கும்போது அழுகையாக வந்தது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை, அழுதுகொண்டே நடந்தாள்.

சேதி கேட்டு நாத்தனார் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வந்து சேர்ந்தாள். பலகையைக் கூடத்துச் சுவரில் சாய்த்துப் புருஷன் பிளக்கைச் சொருகினார். விளக்கு எரிந்தது. நாத்தனார் கிட்டே போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில்.

"அக்கா, இதைக் கொஞ்சம் எழுதிக் குடு. ஃபிரேம் போட்டு மாட்டணும்" என்றார் தம்பிக்காரர், முதுகைப் பிடித்துக்கொண்டே சிரித்தபடி.

"போடா. அதில்லை..." நாத்தனார் ஸ்கேலின் கையைப் பிடித்தாள். குரல் வெண்ணெயாக உருகியது. "எங்க வீட்டு மாடிப்படி லைட்டு ஒரு வருஷமா எரியலைடி. இதே மாதிரி மேலயும் கீழயும் சுவிட்ச் வெக்க முடியுமா?"

"லைசென்ஸ் கைக்கு வந்ததும் முதல் வேலை உங்க வீடுதான் அண்ணி. கம்பி இழுத்துக் குடுத்துடறேன்."

நாத்தனார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போது போன் அடித்தது. முதலாளி சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கூப்பிட்டிருந்தார்.

"என்னம்மா, முடிவு என்ன?"

ஸ்கேல் விளக்கைப் பார்த்தாள்.

"எரியுது சார்."

"என்னது? எது எரியுது?"

"நான் பண்ணினது சார். இதுல எதையும் மாத்த வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்தாள்.