ஒரு விரல் நூல்

1982 சித்திரையில், ஒரு வியாழக்கிழமை மாலை, ஆரணியில் அபிதகுசாம்பாள் இறந்தாள். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் கந்தசாமி மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தான். தந்தி கொடுத்ததற்கு மறுநாள் காலையில் பதில் வந்தது: 'புறப்படுகிறேன். வைத்திருங்கள்.'

பிணம் தெருவில் இருக்கும்வரை எந்த வீட்டிலும் தறி ஓடாது. நெசவுத் தெருவின் வழக்கம் அது. அதனால் கந்தசாமிக்காக அவன் வீடு மட்டுமல்ல, தெருவே காத்திருக்க வேண்டியிருந்தது.

"எவ்ளோ நேரம் ஆவும்னு சொல்லுப்பா," என்றார் எதிர்வீட்டுச் சடையப்பன். "முகூர்த்தப் புடவை பாதியில நிக்குது."

அவர் கேட்டது ரேடியோ கடை பன்னீர்செல்வத்தை. அவன் கடையிலிருந்த உலக உருண்டையைக் கொண்டுவந்தான். கந்தசாமியின் மனைவி கமலத்திடம் ஒரு பட்டு இழை வாங்கி, மஸ்கட்டுக்கும் மதராசுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தான். உருண்டைமேல் இழையை விறைப்பாக இழுத்தால், அது தானே நகர்ந்து, இருப்பதிலேயே குட்டையான வழியில் போய்ப் படியும். விமானத்துக்கும் அதுதான் கிட்டத்து வழி.

இழை ஒரு விரல் நீளம்தான் இருந்தது.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். ஆனா நேரா வர முடியாது. பம்பாய்ல எறங்கி வேற பிளேன் ஏறணும். பறக்குற நேரம் மொத்தம் அஞ்சு மணி. மதராஸ்லேர்ந்து பஸ்ஸு நாலு மணி."

சடையப்பன் இழையைத் தன் விரலோடு வைத்துப் பார்த்தார். எந்த நீளத்தையும் நூலை வைத்தே நம்பிப் பழகிய மனிதர். "திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுகினு வர இதவிட நேரமாவும். காத்துகினு இருக்கலாம்," என்றார்.

ஐஸ் பாளங்கள் வந்தன. சாயங்காலம் அரிசி ஆலை போனில் கந்தசாமி கூப்பிட்டான். கமலம் ஓடினாள்.

"பாஸ்போர்ட்டு கம்பெனி இரும்புப் பெட்டியில மாட்டிகினு இருக்குது கமலா. இங்க வெள்ளிக்கெழமதான் லீவு. பூட்டிட்டுப் போய்ட்டாங்க. நாளைக்கு வந்துதான் தொறப்பாங்க."

பன்னீர்செல்வத்தின் கணக்கில் பம்பாய் இருந்தது, பஸ் இருந்தது. இரும்புப் பெட்டி இல்லை.

சனிக்கிழமை பிற்பகலில் ஐஸ் தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடியது. ஊதுவத்தியால் வாடையை மறைக்க முடியவில்லை. சடையப்பன் கமலத்திடம் வந்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம்மா."

"ஒரு வெரல் தூரம்தானே மாமா."

"நானும் அதப் பாத்துதாம்மா ரெண்டு நாளா உக்காந்துகினு இருந்தேன்."

பங்காளி மகன் தசரதன் கொள்ளிச்சட்டியை ஏந்தினான்.

ஞாயிறு காலையில் கந்தசாமி பஸ்ஸிலிருந்து இறங்கினான். அவன் துணிப்பெட்டி பம்பாயிலேயே தங்கிவிட்டது. தோளில் ஒரு பை மட்டும். வைத்திருப்பார்கள் என்று நம்பி ஓடினான். சந்தையைக் கடந்தான், கோயிலைக் கடந்தான். தன் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு தறியின் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு தெரு முழுக்க.

அவன் பையை இறக்கி வைத்துவிட்டு அந்த முனையிலேயே நின்றான். வீடு இன்னும் எட்டு வாசல் தள்ளி இருந்தது.