நூற்று முப்பது கிலோ

இந்த ஊரில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு லிஃப்ட் மேலே போகாது. மேடும் பள்ளமுமான ஊர், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மூச்சு வாங்கும், அதனால் லிஃப்ட்டுக்குக் குறைவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கம்பி, மோட்டார், பிரேக் மூன்றையும் பார்ப்பேன். பாதிக்கு மேல் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டு வருவேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து எலெக்ட்ரிக் சைக்கிளைப் பற்றிப் பாடம் எடுக்கின்றன சில அரைகுறைகள்.

விஷயம் இதுதான். என் மனைவி ரத்தப் பரிசோதனை செய்பவள். கீழ்த்தெருவில் ஒரு டாக்டர் வீட்டு மாடிப்படிக்கு அடியில், ஒரு மேஜையும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் மட்டுமே கொள்ளும் பொந்தில் பதினொரு வருடத்தை ஓட்டிவிட்டாள். இப்போது மலை உச்சியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி அவளை லேப் பொறுப்பாளராகக் கூப்பிட்டுக் கடிதம் அனுப்பியிருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். நடந்தால் ஒரு மணி நேர ஏற்றம், அவள் முழங்கால் அதற்கு ஒத்துவராது. தினமும் டாக்சி என்றால் சம்பளத்தை டிரைவர் கையிலேயே கொடுத்துவிடலாம். "விலை கம்மியா ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கிட்டா போதுங்க," என்றாள். வண்டி இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"மோட்டார் விஷயம்தானே, அதை என்கிட்ட விட்டுடு," என்றேன். கையில் ஆறு வாரம் இருந்தது.

முதல் வாரமே நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவனுக்காவது தான் விற்கிற சாமானைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமே. "இது எவ்வளவு ஏற்றம் ஏறும்?" என்று கேட்டால் "சூப்பரா ஏறும் சார்" என்கிறான். சூப்பர் என்பது என்ன அளவு? எத்தனை டிகிரி? இன்னொருவன் சீட்டைத் தட்டிக் காட்டி "ஜெல் சீட்டு சார்" என்றான். உட்காருவதற்கா கடைக்கு வந்தேன்? மூன்றாவது கடையில் ஒரு பெண் நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள், மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்டதும் விளம்பரத் தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தாளை நான் அதற்குள் மனப்பாடமே செய்திருந்தேன். அவள் படித்ததில் ஒரு தப்பைத் திருத்திவிட்டு வந்தேன்.

நான்காவது கடைக்காரர்தான் கொஞ்சம் தேறும். மலைப்பாதையின் அடிவாரத்தில் கடை. வயது ஐம்பதுக்கு மேல், நகக்கண்ணில் கிரீஸ், அதனால் பாதி மரியாதை கொடுத்தேன். "ஓட்டப்போறவங்களைக் கூட்டிட்டு வாங்க சார், ஏத்திப் பார்த்துடுவோம்," என்றார். ஓட்டிப் பார்த்து வாங்குவதாம். கண்ணாடி முன்னால் நின்று சட்டை வாங்குகிற மாதிரி. எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் ஆளை ஏற்ற வேண்டும், எங்கள் துறையில் அதுதான் முறை. அவருக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

இந்த லட்சணத்தில் என் மச்சான் வேறு. மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'பத்து நிமிஷம்'. வீடு, வேலை, கல்யாணம் என்று எதையும் பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுவான். எலெக்ட்ரிக் சைக்கிளையும் அப்படித்தான் வாங்கியிருந்தான். ஏன் அதை வாங்கினாய் என்று கேட்டேன்.

"மஞ்சக் கலர் நல்லா இருந்துச்சு மாமா."

"மோட்டார் சக்கரத்துக்குள்ள இருக்கா, பெடல்கிட்ட இருக்கா?"

"எங்கேயோ இருக்கு மாமா. ஏறுது."

எங்கேயோ இருக்கிறதாம். ஒன்றரை வருடமாக அதில்தான் வேலைக்குப் போய் வருகிறான், இன்னும் விழவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த உலகத்தில் எல்லாம் நடக்கிறது.

நான் ஒரு கணக்குத் தயாரித்தேன். லிஃப்ட்டில் ஓர் ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ. அதோடு கைப்பை, மழைக்கோட்டு, வரும் வழியில் காய்கறி என்று இருபது. எண்பத்தெட்டு. அதில் பாதியைப் பாதுகாப்புக்காகக் கூட்டினால் நூற்று முப்பத்திரண்டு. பெரிய மனசு பண்ணி இரண்டைத் தள்ளிவிட்டு நூற்று முப்பது என்று வைத்துக்கொண்டேன். நூற்று முப்பது கிலோவை, கொட்டுகிற மழையில், பாதி தீர்ந்த பேட்டரியோடு, ஊரிலேயே செங்குத்தான திருப்பத்தில், ஒருமுறை நின்று கிளம்பி ஏற்ற வேண்டும். கையைக் கடிக்காத விலையில் இருந்த பத்தொன்பது வண்டிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகக் கழித்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 'தகுதியில்லை' என்று எழுதும்போது மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

என் மனைவியும் தன் பங்குக்கு மூன்று வண்டிகளைப் பார்த்துச் சொன்னாள். இரவுச் சாப்பாட்டின்போது போனை என் பக்கம் நகர்த்தி, "இது எப்படிங்க?" என்பாள். முதலாவதில் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் இல்லை, வெறும் கம்பியில் இயங்குகிறது. இரண்டாவதில் பேட்டரி சிறிசு. மூன்றாவதின் படத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டேன், சக்கரத்துக்குள் மோட்டார், அதுவும் குட்டியாக, பொம்மை வண்டி மாதிரி. ஏன் கூடாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவள் தலையாட்டிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரிக் கடிதத்தை என் முன்னால் வைத்து, "ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்களேன்," என்றாள். முதல் பக்கத்தில் ஒன்றாம் தேதி என்று இருந்தது. அதுதான் எனக்குத் தெரியுமே. அந்தத் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற இடத்தில்தான் அன்று மோட்டார் சூட்டைக் கணக்குப் போட்டேன்.

ஆறாவது வாரத்தில் ஒன்று கிடைத்தது. நினைத்ததைவிட விலை அதிகம், ஆனால் என் கணக்குக்கு ஈடுகொடுத்த ஒரே வண்டி. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. சனிக்கிழமை காலை அவளை பஸ்ஸில் அடிவாரக் கடைக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். ஆறு வார உழைப்பு, பேசாமல் இருக்க முடியுமா? அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைக்காரர் வண்டியை வெளியே கொண்டுவர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். "இது ரொம்ப கனம் சார். அம்மாவால நிறுத்தி எடுக்க முடியாது," என்றார். கனம் இல்லாமல் பலம் எப்படி வரும் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் என்னைத் தாண்டி அவளிடம், "நீங்க எவ்வளவு எடைம்மா?" என்று கேட்டார்.

"அம்பத்தொண்ணு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பெரிய எழுத்தில் நூற்று முப்பது என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். அந்த ஆள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். உள்ளே போய் ஒரு சின்ன வண்டியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார். நான் சிரித்த அதே பொம்மை வண்டி. "இதுல ஒரு சுத்து போயிட்டு வாங்கம்மா," என்றார். அது ஏன் ஏறாது என்று நான் அவருக்குப் படம் போட்டுக் காட்டத் தொடங்குவதற்குள் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முதல் திருப்பத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்று நின்றேன். வரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. மோட்டார் சூடாகி நின்றிருக்கும், பாதி வழியில் தள்ளிக்கொண்டு வருவாள், அப்போது இந்தக் கடைக்காரருக்கு இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து வந்து இறங்கினாள். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது.

"எது வரைக்கும் போனே?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். நின்னு, கிளம்பி, எல்லாம் பண்ணிப் பார்த்தேன். ஏறுது."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல், "சரி, இதையே எடுத்துக்கலாம். வியாழக்கிழமை ஒண்ணாம் தேதி. ஜம்முனு வேலைக்குப் போ," என்றேன்.

"அந்த வேலை இல்லைங்க."

"ஏன்?"

"இருபதாம் தேதிக்குள்ள வர்றேனா இல்லையான்னு பதில் சொல்லணும்னு ரெண்டாம் பக்கத்துல போட்டிருந்துச்சு. வண்டி இல்லாம எப்படி வர்றேன்னு சொல்றது? இருபதாம் தேதி சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். அப்புறம் போன் பண்ணி, வரலைன்னு சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு ஆறு நாள் போயிருந்தது. அந்த ஆறு நாளும் நான் சாப்பாட்டு மேஜையில் பேட்டரியைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேன். நீங்க பிரேக் பத்திச் சொல்லிட்டிருந்தீங்க. ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

வேலை போய்விட்டதென்று தெரிந்தும் எதற்காக வாசல் வரை போனாய் என்று கேட்காமல், கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவளே சொன்னாள். "லிஸ்ட்ல எனக்கு அடுத்து இருந்த பொண்ணைப் போட்டுட்டாங்களாம். வாசல்ல செக்யூரிட்டி சொன்னார். அவளும் நம்ம பக்கம்தான், கீழேதான் இருக்கா. இதுக்காகவே ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கி, நேத்து ஏறிப் பார்த்துட்டுப் போனாளாம்."

"எந்த மாடல்?" என்று கேட்டேன்.

வாய் தவறி வந்ததல்ல. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன். அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் நின்றது.

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கடைக்காரரிடம் திரும்பி, "இதுக்கே பில் போடுங்க. என் பேர்ல," என்றாள்.

சரிதானா சார் என்று அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.