நார் மில் குலவை

குணசேகரனின் நார் மில்லில் சூப்பர்வைசர் ஆகிவிட்டால் பெரிய ராஜயோகம் ஒன்றும் வந்துவிடாது. நீல நிறத்தில் ஒரு கோட்டு கிடைக்கும். கால் ஆடுகிற ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கும். அப்புறம் அந்தச் சிவப்புப் பொத்தான். தேங்காய் மட்டையைக் கிழித்து நாராக்கும் இரண்டு மிஷின்களையும் ஒரே அடியில் நிறுத்துகிற பொத்தான் அது. ஈரமும் தூளும் படக் கூடாதென்று அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். சூப்பர்வைசரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது முதலாளி போட்ட கட்டளை.

மில் அறந்தாங்கிக்குக் கிழக்கே, தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. குவைத்தில் சம்பாதித்ததையெல்லாம் கொண்டுவந்து குணசேகரன் அதில்தான் கொட்டியிருந்தார். மிஷின் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஒரே ஒரு சத்தம் மட்டும் சுவர் தாண்டிக் கேட்கும். அது குலவை.

அது வந்த கதை வேடிக்கையானது. ஒருமுறை மட்டையோடு மட்டையாக ஒரு கருங்கல் உள்ளே போய்விட்டது. மிஷின் அலறுகிறது. மட்டை தள்ளிக்கொண்டிருந்த சொர்ணவல்லி, என்ன செய்வதென்று தெரியாமல், முளைப்பாரிக்குப் போடுவதுபோல நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். அந்தப் பக்கம் இருந்த பழைய சூப்பர்வைசர் பதறிப்போய்ப் பொத்தானை அடித்தார். அன்றிலிருந்து அதுவே மில்லின் சட்டமாகிவிட்டது. மிஷின் வாய்க்கு இருவர். ஒருத்தி மட்டையைத் தள்ள வேண்டும், இன்னொருத்தி மட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கண்ணை வாயில் வைத்திருக்க வேண்டும். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் குலவை. குலவை கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்காமல் பொத்தான். வெளியூரிலிருந்து நார் வாங்க வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த மில்லில் அதுவரை ஒருத்திக்கும் நகம்கூடப் பிய்ந்ததில்லை.

பழைய சூப்பர்வைசர் கண் ஆபரேஷனுக்குப் போய் அப்படியே நின்றுவிட்டதும், முதலாளி செவந்தியைக் கூப்பிட்டு நீலக் கோட்டைக் கொடுத்தார். பெண்களிலிருந்து ஒருத்தி சூப்பர்வைசர் ஆனது அதுதான் முதல் தடவை. நேற்றுவரை கூட உட்கார்ந்து புளிச்சோறு பகிர்ந்து தின்றவர்களை இன்றைக்கு அதட்ட வேண்டுமென்றால் யாருக்குத்தான் நாக்கு வரும்? அதற்கும் முதலாளி ஒரு வழி செய்தார். திருச்சியில் ஒரு ஹோட்டலில் நடந்த ஒருநாள் வகுப்புக்கு அனுப்பிவைத்தார். டை கட்டிய ஒருவர் அங்கே மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பேசினார். எடுத்த முடிவை மாற்றுகிறவர் தலைவர் இல்லை என்றார். வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது என்றார். ஒருவருக்கு இளகினால் ஒன்பது பேர் ஏறி மிதிப்பார்கள் என்றார். செவந்தி அதையெல்லாம் வேதவாக்காக மனசில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். அந்த ஆள் சொன்னதெல்லாம் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அவர் நார் மிஷின் பக்கத்தில் ஒருநாள்கூட நின்றவர் இல்லை.

வந்த சூட்டோடு முதல் சோதனை சொர்ணவல்லியிடமிருந்து வந்தது. மில்லில் மூத்தவள், வாய்க்காரி, ஆனால் வேலையில் கெட்டிக்காரி.

"ஏன்டி செவந்தி, ஒன் தெருக்காரி அமுதாவை மட்டும் நெழல்ல வச்சு நார் பிரிக்க விட்டுருக்க. நாங்கள்லாம் தூளத் தின்னுட்டுச் சாகணுமா? கோட்டு போட்டதும் கண்ணு மறைச்சுருச்சாக்கும்?"

நாலு பேர் சிரித்தார்கள். செவந்திக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாளே அமுதவல்லியை நிழலிலிருந்து எடுத்து, சொர்ணவல்லிக்குத் துணையாக மிஷின் வாயில் போட்டாள்.

அமுதவல்லியும் செவந்தியும் ஒரே தெருவில் வாக்கப்பட்டு வந்தவர்கள். அமுதவல்லியின் புருஷன் சவூதியில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போய், உடம்பு பெட்டியில் வந்து சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளை மறுபடி மில்லுக்கு இழுத்து வந்ததே செவந்திதான். இடம் மாற்றிய அன்று காலையில் கைகால் கழுவுகிற தொட்டிப் பக்கம் அமுதவல்லி வந்து நின்றாள்.

"செவந்தி, என்னயக் களத்துல போட்டுருடி. வெயில்ல கெடந்து நார் காயப்போடுறேன், தூள் அள்ளுறேன், என்ன வேலைன்னாலும் செய்யிறேன். வாய்க்கிட்ட மட்டும் வேணாம்."

செவந்தி சுற்றும்முற்றும் பார்த்தாள். தொட்டியில் முகம் கழுவுகிற சாக்கில் சொர்ணவல்லி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். இன்றைக்கு இளகினால் நாளைக்கு இந்தக் கோட்டை மிஷின் துடைக்கத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தோன்றியது.

"சொன்ன எடத்துல நில்லு அமுதா. இங்க எல்லாரும் ஒண்ணுதான்."

அமுதவல்லி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செவந்தி திரும்பி நடந்துவிட்டாள். நடக்கும்போது அவளுக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. திருச்சி வாத்தியார் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

நாலைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து மிஷினைப் போட்ட கொஞ்ச நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த செவந்தியிடம் அமுதவல்லி ஓடி வந்தாள். கையை ஆட்டுகிறாள், வாய் திறந்து திறந்து மூடுகிறது. மிஷின் சத்தத்தில் ஒரு எழுத்துகூடக் காதில் ஏறவில்லை. செவந்திக்கு முதலில் வந்தது கோபம்.

"எடத்த விட்டுட்டு ஏன்டி வந்த?" என்று கத்தினாள். அமுதவல்லி அவளைத் தள்ளிக்கொண்டு பொத்தான் பக்கம் பாய்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் செவந்திக்கு உறைத்தது. இருவர் கையும் ஒன்றாகத்தான் பொத்தானில் விழுந்தது.

மிஷின் நின்றதும் சொர்ணவல்லியின் ஓலம் கேட்டது. ஈர நார் ஒன்று மணிக்கட்டில் சுருக்குப் போட்டு, வலது கையை முழங்கை வரைக்கும் உள்ளே இழுத்திருந்தது. அறந்தாங்கியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கையை எடுத்துவிட்டார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் விடிவதற்குள் கதை தயாராகிவிட்டது. அமுதவல்லி வாயைத் திறந்துகொண்டு மரம்போல நின்றாளாம். அடுத்த மிஷினில் நின்ற இரண்டு பேர் கண்ணால் பார்த்தார்களாம். தாலி அறுத்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் விளங்குமா என்று குழாயடியில் காதுபடவே பேசினார்கள். சொர்ணவல்லியின் புருஷன் ஆண்டிச்சாமி குடித்துவிட்டு வந்து, அமுதவல்லியின் வீட்டுக் கதவை உதைத்து, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனான். உள்ளே அவள் சின்ன மகளை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி செவந்தியைக் கூப்பிட்டனுப்பினார்.

"புதுக்கோட்டையிலேர்ந்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. நீ ஒண்ணும் பயப்படாத. சத்தம் குடுக்க வேண்டியவ குடுக்கல, அவ்வளவுதான். அமுதவல்லி கவனமில்லாம நின்னுட்டான்னு சொல்லு. அவளை நிறுத்திருவோம். சொர்ணவல்லிக்கு ஆக வேண்டியத நான் பாத்துக்கிறேன். நீ மேல வர வேண்டிய பொண்ணு, பாத்துப் பேசு."

செவந்தி தலையாட்டினாள். தலையாட்டியபோது அவளுக்கு அது பொய்யாகவும் படவில்லை. குலவை கேட்டிருந்தால் அந்த நொடியே நிறுத்தியிருப்பாளே. ஏன் போடவில்லை? அந்தக் கேள்விதான் அவளைச் சோறு தின்னவிடாமல் அரித்தது. சாயங்காலம் அமுதவல்லியின் வீட்டுக்குப் போனாள். அவளைத் திட்டுவதற்கு என்றுதான் போனாள்.

"ஏன்டி கொலவை போடல? பத்து வருசமாப் போட்டவதானே நீ?"

அமுதவல்லி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த வாயால போடச் சொல்ற?"

செவந்திக்கு விளங்கவில்லை.

"அவரு போனதுலேர்ந்து நான் கொலவை போட்டு நீ பாத்திருக்கியா? எங்க சின்ன நாத்தனா கல்யாணத்துல, பழக்கதோசத்துல வாயத் தொறந்துட்டேன். என் மாமியா அத்தனை பேருக்கு நடுவுல என் வாயப் பொத்துனாங்க. தாலி இல்லாதவ கொலவை போட்டா பொண்ணுக்கு ஆகாதாம். அன்னைக்கு நாக்கு செத்துப் போச்சு. சொர்ணக்கா கை உள்ள போறப்ப நான் வாயத் தொறந்தேன் செவந்தி. தொறந்தேன். நாக்குப் புரளல. ஐயோன்னுதான் வந்துச்சு. அது எங்க கேக்கும்? ஒன்னத் தேடி ஓடியாந்தேன்."

அமுதவல்லி அதோடு விடவில்லை.

"இதுக்குத்தான் களத்துல போடுன்னு கேட்டேன். அத்தனை பேருக்கு முன்னாடி இத வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஏன்னு ஒரு வார்த்தை நீ தனியாக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கல."

குலவை போட வேண்டிய இடத்தில், குலவை போட முடியாத ஒருத்தியைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? பெட்டி வந்த அன்று அமுதவல்லியின் நெற்றிப் பொட்டைத் துடைத்தபோது பக்கத்தில் நின்று அழுதவள் செவந்திதான். வளையலை உடைத்தபோது கையைப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். அவ்வளவும் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. கோட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது, அது அமுதவல்லியின் தலைமேல் ஏறிப் போகிற வழி. அன்றைக்கு வீட்டுக்கு நடக்கிற வரைக்கும் அந்த வழியையும் அவள் யோசிக்கத்தான் செய்தாள். யோசிக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று எல்லோரையும் மிஷின் முன்னால் நிற்கவைத்துக் கேட்டார். முதலாளி பக்கத்திலேயே நின்றார். அமுதவல்லி கடைசியில் தலையைக் குனிந்து நின்றாள்.

"நிறுத்துற பொத்தான் ஏன் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளி முந்திக்கொண்டார். "அதெல்லாம் பிரச்சனை இல்லைங்க சார். சத்தம் குடுக்குற முறை ஒண்ணு இருக்கு. பக்கத்துல நின்ன பொம்பளைதான் கவனமில்லாம... செவந்தி, சொல்லும்மா."

செவந்தி தொண்டையைக் கனைத்தாள்.

"அவ கவனமாத்தான் நின்னா சார். அவளால கொலவை போட முடியாது. என்னய அந்த எடத்துல போடாதன்னு முன்னாடியே கேட்டா. நான்தான் முடியாதுன்னேன். ஏன்னு கேக்கல. ஓடியாந்து சொன்னப்பவும், எடத்த விட்டு ஏன் வந்தன்னு கத்திக்கிட்டு நின்னவ நான்தான். பொத்தான் அவ கைக்கு எட்டுற எடத்துல இருந்திருந்தா சொர்ணக்காவுக்குக் கை இருக்கும்."

முதலாளி முகம் கறுத்துவிட்டது. அமுதவல்லி அப்போதும் தலையை நிமிர்த்தவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்கிறார்கள். செவந்திக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் சொர்ணவல்லியிடமும் சொன்னாள். அவள் கட்டுப் போட்ட மொட்டைக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழாயடிப் பேச்சும் நிற்கவில்லை. அமுதவல்லி மகளோடு பொன்னமராவதிப் பக்கம் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப்பில் செவந்தி போய் நின்றபோது, "நல்லாத்தான் சொன்ன. ஏன்னு கொஞ்சம் முன்னாடி என்னயக் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது, இன்ஸ்பெக்டர் உத்தரவுப்படி ஒவ்வொரு மிஷின் வாய்க்கும் மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. இழுத்தால் மிஷின் நிற்கும். நீலக் கோட்டு முதலாளியின் மச்சினன் வசந்தகுமாருக்குப் போனது. செவந்தியை வேலையைவிட்டு அனுப்பினால் கேள்வி வரும் என்று முதலாளி பயந்தார். அதனால் அவளை மட்டை தள்ளப் போட்டார்கள்.

முதல்நாள் காலையில், ஆவூர்ப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த பிரின்சி, வசந்தகுமாரிடம் போய்த் தயங்கித் தயங்கி எதையோ கேட்டாள்.

"களமெல்லாம் கெடையாது. சொன்ன எடத்துல நில்லு" என்றான் அவன்.

பிரின்சி வந்து செவந்திக்குப் பக்கத்தில், அமுதவல்லி நின்ற இடத்தில் நின்றாள். மிஷினைப் போட்டார்கள். அவள் முதல் மட்டையை எடுத்துக் கொடுத்தாள். செவந்தி அதை வாங்கவில்லை. பிரின்சியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்திக் கயிற்றை இழுத்தாள். மிஷின் முனகிக்கொண்டே நின்றது.

செவந்தி அவளைத் தள்ளிக் கூட்டிப்போய், காதோடு காதாகக் கேட்டாள்.

"ஏன்டி களத்துக்குக் கேட்ட?"

பிரின்சி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "தல கிறுகிறுன்னு சுத்துதுக்கா. நாள் தள்ளிப் போயிருக்கு. வீட்ல இன்னும் சொல்லல."

"களத்துக்குப் போ. நெழல்ல ஒக்காந்து பிரி."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வசந்தகுமார் ஓடி வந்தான்.

"யாரக் கேட்டு மிஷின நிறுத்துன?"

"அவளக் கேட்டுத்தான்" என்றாள் செவந்தி.

அவன் கத்திக்கொண்டிருந்தான். மற்ற பெண்கள் மட்டையில் கை வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிஷின் வாயின் தகரத்தில், எத்தனை தேய்த்தும் போகாத கறை ஒன்று இருந்தது. செவந்தி அதற்கு நேர் எதிரே, அமுதவல்லியின் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.