சிவப்பு விளக்கு அணையும் இடம்

மூன்றாவது சரணத்தில் மாமியார் செருமியது பாடும் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த மகன், மருமகள் இருவர் காதிலும் விழுந்தது. ‘கரையில்’ என்ற சொல்லின் நடுவே ஒரே ஒரு செருமல். அவர் பாட்டை விடவில்லை. இரண்டு பார் தள்ளி, அதாவது இரண்டு தாளச் சுற்றுக்குப் பின், ‘தூரம்’ என்று உச்சத்துக்கு ஏறும் இடத்தைச் சர்வ சாதாரணமாக எட்டிப் பிடித்தார். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அந்த இடம் அவருக்குப் பிடிகொடுக்கவே இல்லை. ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த மருமகளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வெளியே வந்த மாமியார், சரணம் முழுவதையும் மறுபடி பாடுவதாகச் சொன்னார். பாடினால் அந்த உச்சம் மறுபடி வருமா என்று அவருக்கே நிச்சயமில்லை. அது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. இன்னும் மேலே ஏறும் நான்காவது சரணத்தை வேண்டவே வேண்டாம் என்று காலையிலேயே ஒதுக்கியதும் இந்தப் பயத்தில்தான்.

அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும் என்றாள் மருமகள். இசையமைப்பாளரான கணவன் உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பதிவுப் பொத்தானைத் தானே அழுத்தித் தானே விடுவதாக முன்வந்தான். அவன் விரலின் லட்சணம் அவளுக்குத் தெரியாததா? டேப்பில் புதியது ஏறினால் பழையது அழியும். விரல் கொஞ்சம் அசந்தால் உச்சம் போயே போச்சு.

“உங்க கை வேண்டாம். கம்ப்யூட்டரே அழுத்தட்டும்” என்றாள்.

சும்மா சொல்லவில்லை. எட்டுத் தடப் பதிவு இயந்திரத்தையும் கம்ப்யூட்டரில் வாத்திய இசையைக் கோத்துவைத்திருக்கும் சீக்வென்சரையும் மிடி என்ற இணைப்புக் கம்பியால் இணைத்துப் பழக்கியவள் அவள். எட்டாவது தடத்தில் பாட்டே கிடையாது. டேப் எந்த இடத்தில் ஓடுகிறது என்று சொல்லும் நேரக்குறி மட்டும்தான். அதைக் கேட்டுச் சீக்வென்சரும் கூடவே ஓடும், வாத்தியங்களை வாசிக்கும். அவள் அடையாளம் வைத்த இடத்தில் இயந்திரத்தைப் பதியச் சொல்லும், அடுத்த அடையாளத்தில் நிறுத்தச் சொல்லும். அந்த வீட்டில் சொன்ன பேச்சை அப்படியே கேட்கிற ஜீவன் வேறு எதுவும் இல்லை.

ஆனாலும் நிஜமாகப் பதியும் முன் ஒரு வெள்ளோட்டம் விட்டே தீருவாள். டேப் ஓடும், பதியும் இடத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும், ஒன்றும் பதியாது. கணவன் இதைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

“கல்யாணத்துக்கும் வெள்ளோட்டம் விட்டுப் பாத்தியா?”

“பாத்திருந்தா இங்க ஏன் இருக்கேன்?”

வாத்தியங்களை அடக்கிவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டாள். ‘கரையில்’ வந்தது, செருமல் வந்தது, விளக்கு எரியவில்லை. இரண்டு பார் கழித்து, குரல் ‘தூரம்’ என்று மேலே எழுந்த நேரம் பார்த்துப் பளிச்சென்று எரிந்தது. நிஜமாகப் பதிந்திருந்தால் அந்த உச்சம் ஒழிந்திருக்கும். மாமியார் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

அதென்ன சொல்லிவைத்தாற்போல் இரண்டு பார்? அவளுக்குப் பொறி தட்டியது. கணவன் பக்கம் திரும்பினாள்.

“நான் டீ குடிக்கப் போனப்ப சீக்வென்சர்ல கை வச்சீங்களா?”

“பாட்டுக்கு முன்னாடி ரெண்டு பார் புல்லாங்குழல் சேர்த்தேன். எடுப்பா இருக்குமேன்னு...”

எடுப்பாக இருக்கட்டும், வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? முன்னால் இரண்டு பார் நுழைந்ததும் பின்னால் இருந்ததெல்லாம், அவள் வைத்த அடையாளங்கள் உட்பட, அவ்வளவு தூரம் தள்ளிப்போயிருந்தது. டேப்பில் இருக்கும் குரலோ இருந்த இடத்திலேயே இருந்தது. வந்த கோபத்தை அவள் விழுங்கிக்கொண்டாள். டேப்பின் தொடக்கத்தில் எப்போதும் கொஞ்சம் வெற்றிடம் விட்டுவைப்பவள் என்பதால், பாட்டு இரண்டு பார் முன்பே தொடங்குவதாகச் சீக்வென்சருக்குச் சொல்லிக் கொடுத்தாள். மறுபடி வெள்ளோட்டம். ‘கரையில்’ என்ற சொல்லுக்கு விளக்கு எரிந்தது, சொல் முடிந்ததும் அணைந்தது.

மாமியார் உள்ளே போனார். ஹெட்போனில் தன் குரலே கேட்கக்கூடாது, வாத்தியம் மட்டும் போதும் என்பது அவர் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டார். ‘கரையில்’ சுத்தமாக வந்தது, விளக்கு அணைந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்த மனமில்லை. வாய் பாடிக்கொண்டே போவதைக் கண்ணாடி வழியே மருமகள் பார்த்தாள். ஒலிபெருக்கியில் டேப்பிலிருந்த பழைய ‘தூரம்’ அட்டகாசமாக உச்சத்தைத் தொட்ட அதே நேரம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியாரின் முகம் சுருங்கிப்போனது.

வெளியே வந்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. “குரலை உடைச்சுட்டேன். இருந்ததையும் கெடுத்துட்டேன்.”

மருமகள் டேப்பைத் திருப்பி ஓடவிட்டாள். ‘கரையில்’ இப்போது பாடியது. ‘தூரம்’ அப்போது பாடியது. இரண்டுக்கும் நடுவே ஒட்டுப்போட்ட தடம்கூடத் தெரியவில்லை. மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப நான் உடைச்சது?”

“அது டேப்புல ஏறவே இல்ல அத்தை. அதுக்கு முன்னாடியே விளக்கு அணைஞ்சிடுச்சு.”

மாமியார் அந்த விளக்கைப் பார்த்தார். பிறகு எழுந்து பாடும் அறைக் கதவைத் திறந்தார்.

“நாலாவது சரணத்தைப் போடு.”

அது இன்னும் மேலே போகுமே என்று மகன் இழுத்தான்.

“உடைஞ்சா உடையட்டும்டா. அவ பாத்துக்குவா.”