வீட்டார் அழும்வரை

விஜயராகவன் நினைவுப் பரிசை நீட்டியது மஹ்விஷிடம்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஐஸ் பெட்டிக்குள் கிடந்த ஜெயபாரதியைக் கண்மூடிக் கும்பிட்டு, பெட்டி மேல் ரோஜா மாலையை வைத்தபின், மனிதர் நேராக மஹ்விஷிடம்தான் போனார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ப்ரியாவைத் தாண்டிக்கொண்டு போனார்.

"ஞாயித்துக்கிழமை எங்க சங்கத்து ஃபங்ஷன்ல அம்மா கையிலயே குடுக்கணும்னு இருந்தோம். கொடுத்துவைக்கலை. நீங்க பொண்ணு, நீங்கதான் வாங்கிக்கணும்."

மஹ்விஷ் கைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஐயோ சார், நான் இல்ல. அதோ, ப்ரியா மேடம்தான் அம்மாவோட பொண்ணு. நான் பாத்துக்கினு இருந்தவ."

"அப்படியா? எங்காத்துல அப்பாவைப் பாத்துக்க உங்களை அனுப்பறச்சே, அம்மா 'என் பொண்ணை அனுப்பறேன்'னுதானே சொன்னா?"

கூடத்திலிருந்த அத்தனை பேரும் ப்ரியாவைப் பார்த்தார்கள். ப்ரியா எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். கனமான கண்ணாடிப் பலகை. 'வீட்டு நோயாளிப் பராமரிப்பின் முன்னோடி' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல், மிக்ஸி ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். வயிறு எரிந்தது. பெற்ற தாய் செத்துக் கிடக்கும்போது வயிறு இதற்கா எரிய வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. தோன்றி என்ன செய்ய, எரிகிறதே.

முன்னோடிதான், அதில் ப்ரியாவுக்குச் சந்தேகம் இல்லை. ஒரு வீட்டில் பெரியவர் படுத்துவிட்டால் மருமகள் தலையில் கட்டுவார்கள். இல்லாவிட்டால் யாரோ ஓர் ஆயாவைப் பிடித்து வந்து பாத்ரூம் வாசலில் படுக்கவைப்பார்கள். அப்படி இருந்த காலத்தில் ஜெயபாரதி ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டாள். தி.நகரில் ஒரு கார் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, புரட்டிப் படுக்கவைப்பது, மானம் போகாமல் உடம்பு துடைப்பது, பொறுமையாக ஊட்டுவது எல்லாவற்றையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நீலக் கோட்டு, மாதச் சம்பளம், வாரத்துக்கு ஒருநாள் லீவு. 'ஆயா' என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கும் ஒரு நிபந்தனை. அதைக் கேட்டுப் போனை டக்கென்று வைத்தவர்கள் உண்டு. வைத்தவர்களே நாளாவட்டத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் அவள் ஆட்கள் கால் வைக்காத தெரு இல்லை என்றாகிவிட்டது.

எல்லாம் சரி. ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் தலை வாரிவிட்ட கை, ப்ரியாவுக்கு ஒருநாள்கூட ஒழுங்காகப் பின்னல் போட்டுவிட்டதில்லை. எதிர்வீட்டு அக்காதான் ரிப்பன் கட்டிவிடுவாள். ப்ரியா பெரியவளான அன்றைக்கு, அம்மா மந்தைவெளியில் எவரோ ஒரு மாமாவின் படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள். இரவு வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

போன வருஷம் அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது, இனியாவது அம்மா தன் கைக்கு வருவாள் என்று ப்ரியா நினைத்தாள். பேங்க் முடிந்ததும் அடையாற்றிலிருந்து கோபாலபுரத்துக்கு ஓடிவருவாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மா வாயை இறுக்கிக்கொள்வாள். மஹ்விஷ் வந்து, "அம்மா, ரசம் சாதம்" என்றதும் வாய் தானாகத் திறக்கும். "ட்ரெய்னிங் அப்படி மேடம்," என்று மஹ்விஷ் சமாதானம் சொல்வாள். அந்தச் சமாதானத்தைத்தான் ப்ரியாவால் பொறுக்கவே முடியவில்லை.

பதினோரு மணிக்கு மேல் நீலக் கோட்டுகள் வர ஆரம்பித்தன. இரண்டும் மூன்றுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெட்டியைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு, ஒருத்திகூட உட்காராமல் காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாகப் போய் நின்றார்கள். அழவில்லை.

தூத்துக்குடியிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்திறங்கிய சித்தி, ப்ரியாவின் தோளை இடித்தாள். "ஏட்டி, பாத்தியா அவளுவள? எத்தனை வருசம் சோறு போட்டிருப்பா எங்கக்கா. ஒருத்தி கண்ணுலயாவது பொட்டுத் தண்ணி இருக்கான்னு பாரு."

ப்ரியாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. என்ன இருந்தாலும் கூலிக்கு வந்தவர்கள்தானே. அதை மஹ்விஷின் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குப் போனாள். மஹ்விஷ் வந்தவர்களுக்காகக் காப்பி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் காய்ந்திருந்தது.

"உங்க யாருக்குமே அழுகை வரலையா மஹ்விஷ்?"

மஹ்விஷ் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அழக்கூடாது மேடம். அது அம்மா ரூலு."

"இது என்ன ரூல்?"

"நான் சேர்றதுக்கு முன்னாடி நடந்தது. திருவல்லிக்கேணில ஒரு வூட்ல தாத்தா பூட்டாரு. பாத்துக்கினு இருந்த அக்கா தாங்க முடியாம ஓன்னு அழுதுடுச்சி. அந்தத் தாத்தாவோட பொண்ணு ஒரு மூலைல அப்படியே நின்னுக்கினு இருந்துச்சாம். 'எங்கப்பனுக்கு அழ இவ யாரு, எனக்கு முன்னாடி'ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுச்சாம். அன்னிலேர்ந்து அம்மா சொல்ட்டாங்கோ. வூட்டு ஆளுங்க அழற வரைக்கும் நம்ம கண்ல தண்ணி வரக்கூடாது. அவங்களுக்குன்னு மிச்சம் கீறது அது ஒண்ணுதான், அதையும் நீங்க எடுத்துக்காதீங்கன்னு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க இன்னும் அழல மேடம். அதான் எல்லாரும் நின்னுக்கினு கீறாங்கோ."

ப்ரியா கூடத்துக்குத் திரும்பினாள்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம். அல்ப சந்தோஷம்தான். ஆயுசு முழுக்க அவள்தான் காத்துக்கொண்டிருந்தாள், அம்மா இவர்கள் பக்கம் போய்விட்டு எப்போது வருவாள் என்று. இன்றைக்கு இவர்கள் காத்திருக்கிறார்கள், அவள் கண்ணுக்காக. காத்திருக்கட்டும். ப்ரியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேண்டுமென்றே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் தெருமுனைக் குழாயிலிருந்து குடங்களோடு திரும்பினார்கள். பக்கவாட்டுச் சந்தில் புடவையை மறைப்பாகக் கட்டி, உறவுக்காரப் பெண்கள் ஜெயபாரதியைக் குளிப்பாட்டினார்கள். எண்ணெயும் சீயக்காயும் பெற்ற பிள்ளைதான் முதலில் வைக்க வேண்டும். ப்ரியா வைத்தாள். வைத்துவிட்டு, மறைப்புக்கு வெளியே நிற்கும் மஹ்விஷ் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படியும் எரிச்சல் அடங்கவில்லை.

அமரர் ஊர்தி கேட்டுக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. போர்ட்டிகோவில் அம்மாவைப் பாடையில் கிடத்தியாயிற்று, வாய்க்கரிசி போட்டாயிற்று. ராஜரத்தினம் மாமா, ஜெயபாரதியின் தம்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டிக்காரன் அவசரப்படுதான். தூக்கிருவமா ப்ரியா?"

ப்ரியா தலையாட்டினாள். சுவரோரத்தில் ஒருத்தி திரும்பி நின்று மின்சார மீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தாள். இப்படியே போய்விட்டால், ஜெயபாரதி தன் பெண்களில் ஒருத்தியும் அழாமல் போய்விடுவாள். அது ப்ரியாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் தலையாட்டினாள்.

நான்கு பேர் குனிந்து மூங்கிலில் கை கொடுத்தார்கள்.

"அம்மா," என்றாள் மஹ்விஷ்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பாடையின் பக்கம் குனிந்து, தினமும் கட்டிலில் புரட்டும்போது சொல்கிற அதே குரலில் சொன்னாள். "உங்கள தூக்கறாங்கோம்மா. கொஞ்சம் ஆடும். பயப்படாதீங்கோ, நான் இங்கதான் கீறேன்."

சொல்லி முடித்தபிறகுதான், அம்மாவுக்கு இனி எதுவும் கேட்காது என்பது அவளுக்கு உறைத்தது. சட்டென்று பின்வாங்கித் துப்பட்டாவின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கன்னம் துடித்தது. கண் மட்டும் ப்ரியாவின் முகத்திலேயே நின்றது.

'நான் இங்கதான் இருக்கேன்.' அதை அம்மாவிடம் சொல்லத்தான் ப்ரியா தினமும் அடையாற்றிலிருந்து ஓடிவந்தாள். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா காதில் அது விழுந்ததெல்லாம் இவள் குரலில்தான். இனி அதை மாற்றவும் முடியாது. எத்தனை நினைத்தாலும் கண்ணில் ஒன்றும் வரவில்லை.

"மாமா, இருங்க," என்றாள். "கீழ வைங்க."

"என்னம்மா, நேரம் ஆவுதுல்லா?"

"ஆகட்டும். இன்னும் யாரும் அழல."

சித்தி வாயைத் திறந்தாள், ராஜரத்தினம் கையமர்த்தினார். அரையடி எழும்பியிருந்த பாடை மறுபடி தரையில் இறங்கியது. ப்ரியா அம்மாவின் தலைமாட்டில் தரையிலேயே உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"வா, இங்க உக்காரு."

மஹ்விஷ் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் முழங்காலும் இடித்துக்கொண்டன. சுவரோரத்தில் அத்தனை முகங்களும் இவர்கள் பக்கமே திரும்பியிருந்தன.

ப்ரியா அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மஹ்விஷுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எனக்கு வரமாட்டேங்குது. நீ ஆரம்பி."

மஹ்விஷ் அவளைப் பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு துப்பட்டாவின் நுனியை வாயிலிருந்து மெதுவாக எடுத்தாள்.