இரண்டு மணி இருபது நிமிடம்

மத்தியானம் இரண்டே காலுக்கு விஜயலக்ஷ்மி கடலோரத்து விழிஞ்ஞத்துக்குப் போய்விடுவாள். கிழக்கேகோட்டைக்கு நடந்து பஸ் ஏற வேண்டியதில்லை, புடவை மாற்ற வேண்டியதில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதும் இல்லை. அடுக்களைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற தாழ்ந்த மேடை இருக்கிறதே, அதன் முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, குழாயைத் திறந்து, குக்கருக்குள் கையை விட்டால் போதும். கோட்டைக்குள் அந்த அக்கிரகாரத் தெரு அப்படியே கலைந்துபோகும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் அவள் நிஜமாக விழிஞ்ஞம் போனது. துறைமுகத்துக்கு மேலே சரிவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. இருபத்திரண்டு படி, நீலக் கதவு. "வா வா, நேரமாச்சு" என்று கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் குக்கர் தேய்க்கும்போது அந்தப் படி ஞாபகம் வந்தது. ஏறிப் பார்த்தாள். கதவு திறந்துகொண்டது. பத்திரம் எழுதாமல், பால் காய்ச்சாமல், அன்றைக்கே குடியேறிவிட்டாள்.

அந்த வீட்டில் ஒரே அறை. அடுக்களை கிடையாது, அதில் அவள் கறாராக இருந்தாள். ஒரு கட்டில், மேற்கே ஒரு ஜன்னல், ஒரு மண் கூஜா. முதல் வருஷம் ஜன்னலுக்கு வெளியே நந்தியார்வட்டை வைத்தாள். பிறகு நிஜ விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் வந்து, வானம் முட்டுகிற கிரேன்கள் டிவியில் வந்தன. சரி, வந்துவிட்டுப் போகட்டும் என்று அவற்றையும் தன் ஜன்னலுக்குள் அனுமதித்தாள். இப்போதெல்லாம் கப்பலில் வருகிற பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று முடிவு செய்வது அவள் வேலை. ஒரு பெட்டி நிறைய சாவி தொலைந்த பூட்டுகள். ஒன்றில் யாரோ எங்கேயோ மறந்துவிட்டு வந்த குடைகள். ஒன்றில் ஒன்றுமே இல்லை, வெறும் குளிர்காற்று; அதை மட்டும் அவள் தன் வீட்டு வாசலில் இறக்கச் சொல்வாள்.

படுக்கையில் படுத்துக்கொண்டு அங்கே போக முயற்சி செய்திருக்கிறாள். மூன்றாவது படியிலேயே தூங்கிவிடுவாள். கோவில் வரிசையில் முயன்றால் முன்னால் நிற்கிறவள் திரும்பி ஊர்க்கதை பேசுவாள். மேடை முன்னால் மட்டும்தான் ஒரு பயலும் குறுக்கே வருவதில்லை. காரணம், பத்து.

பத்து என்றால் சோறு பட்ட பாத்திரம். அதைத் தொட்ட கையால், கழுவாமல் வேறு எதையும் தொடக்கூடாது. அந்தத் தெருவில் காலகாலமான சட்டம். மற்ற சட்டங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டாலும் இது மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தாலும் சரி, கூரியர்காரன் கூப்பிட்டாலும் சரி, புருஷன் ஹரிஹரனுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை என்றாலும் சரி, அவள் உள்ளேயிருந்து ஒரே பதில் சொல்வாள்: "கை பத்தா இருக்கு!" அதற்கு மேல் கோட்டைக்குள் அப்பீல் கிடையாது.

இப்படி ராஜாங்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான் மருமகள் ஸ்ரீலட்சுமி பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினாள். அவளைக் குறை சொல்ல வழியில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். ஒருநாள் காபி வாங்கும்போது மாமியாரின் விரல்களைப் பார்த்துவிட்டாள். சோப்பு தின்று மூன்று விரல் வெடித்திருந்தது. மறுபேச்சில்லாமல் தன் சம்பளத்தில் ஆர்டர் போட்டுவிட்டு வந்து, "அம்மா, இனிமே நீங்க ஒரு பாத்திரம் தொடப்படாது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அன்பாகக் கொடுக்கிறதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? விஜயலக்ஷ்மி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அடுக்களைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மெஷின் வருவதற்கு முன் குழாய், கரண்ட் எல்லாம் தயாராக இருக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு என்று கம்பெனி சொல்லிவிட்டது. எவ்வளவு ஆகும் என்று பார்க்க ராஜமணியை வரச் சொன்னார்கள். பாறசாலைக்காரர். அந்தத் தெருவில் பாதி வீடுகளின் குழாய் அவருக்குத்தான் கட்டுப்படும். காதில் பென்சில், இடுப்பில் டேப், கையில் பள்ளிக்கூட நோட்டு.

ஹரிஹரன் நாற்காலியை அடுக்களை வாசலுக்கே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். பாங்கில் முப்பத்திரண்டு வருஷம் கையெழுத்துச் சரிபார்த்தவர். காகிதத்தில் எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார், வாயால் சொன்னால் பெற்ற பிள்ளையையும் சந்தேகப்படுவார். அவருக்கு விலையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

"ராஜமணி, எச்சில் தட்டையும் பத்துப் பாத்திரத்தையும் ஒண்ணாப் போட்டா எப்படியாக்கும்? ஜலம் மேலேந்து கீழே விழுமே. அதனால பத்து மேல்தட்டு, எச்சில் கீழ்த்தட்டு. சரிதானே?"

"சாமி, இதுல தண்ணி கீழ இருந்தாக்கும் மேல அடிக்கும்."

ஹரிஹரன் விரலால் மேலும் கீழும் காட்டிப் பார்த்தார். "அப்போ மாத்திப் போட்டுடலாம்."

"மேல இருந்தும் அடிக்கும் சாமி."

அந்தப் பிரச்சினை அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

ராஜமணி டேப்பை நீட்டி அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பழைய சுண்ணாம்புச் சுவர், துளைத்தால் உதிரும். மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, பெரிய பிளக் வைக்க வேண்டும். மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீருக்குக் குழாய் இரண்டடி உயர ஏறி அப்புறம்தான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் திரும்பிவரும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், தேய்க்கிற மேடை முன்னால் நின்று, சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"இதை ஒடச்சு எடுத்திரணும். மெஷினுக்கு எடம் வேற இல்ல."

விஜயலக்ஷ்மி அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்தாள். பலகை போடுகிற இடம் சரியாக அதற்கு நடுவில் விழுந்திருந்தது. "குழாயாவது இருக்கட்டுமே, ராஜமணி" என்றாள்.

"குழாய்தான் மாமி மெஷினுக்குப் போவும். பின்ன ஒங்களுக்கு இது எதுக்கு?"

பதினோரு வருஷமாக நீலக் கதவுக்குப் பூட்டுப் போட்டதே இல்லை. இப்போது ஒரு மனிதர் டேப்பை வைத்து அளந்து, அதை இடிக்கக் கூலி எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

மொத்தம் பதிமூவாயிரத்து ஐம்பது. ஹரிஹரன் வழக்கப்படி ஐம்பதைக் குறைக்கச் சொன்னார், ராஜமணி வழக்கப்படி சிரித்தார். அப்போது காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு ஸ்ரீலட்சுமி வந்தாள். "செலவைப் பாக்காதேங்கோ அப்பா. அம்மாக்கு தினம் ஒண்ணேகால் மணி நேரம் மிச்சமாக்கும்!"

சொன்னதுதான் தாமதம், எல்லாரும் அந்த ஒண்ணேகால் மணி நேரத்துக்கு வரிசையில் நின்றார்கள். "அப்போ ரெண்டரைக்கு எனக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுடலாம், அப்படியே பேப்பரையும் வாசிச்சுடலாம்" என்றார் ஹரிஹரன். பெங்களூரில் ஆபீஸ் வேலையாகப் போயிருந்த மகன் சாய், போனில் செய்தி கேட்டு, அம்மா யோகா கிளாஸில் சேர வேண்டும், நானே பணம் கட்டிவிடுகிறேன் என்றான். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு லலிதாம்பாள், "பஜனை கோஷ்டிக்கு ஒரு குரல் கொறையறது, மத்தியானம்தான் பிராக்டீஸ், வராம இருக்கப்படாது கேட்டேளா" என்று கட்டளை போட்டுவிட்டுப் போனாள்.

ஸ்ரீலட்சுமி கடைசியாகச் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. "எனக்கு மூணு மணிக்கு ஒரு பிரேக் உண்டும்மா. நாம ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிக்கலாம். ஒரே வீட்டில இருந்துண்டு, பேசிக்கவே நேரமில்லையே."

ஒருத்தர்கூடக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். மெஷின் இன்னும் கடையை விட்டுக் கிளம்பவில்லை. அதற்குள் அவளுடைய நேரத்தைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள். அவளுக்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

ராஜமணி கொல்லையில் கழிவுக் குழாய் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். வெயில் முருங்கை இலைக்குள் சல்லடையாக விழுந்துகொண்டிருந்தது.

"அந்த மெஷின் எத்தனை நேரம் ஓடும், ராஜமணி?"

"ரெண்டு மணி இருவது நிமிசம் ஆவும் மாமி. மெதுவாட்டு ஓடும், ஆனா நல்லாட்டு கழுவும்."

"பக்கத்துல யாராவது இருக்கணுமோ?"

"ஒண்ணும் வேண்டாம். பட்டனை அமுக்கிட்டு நீங்க சாலைக் கடைக்குப் போயிட்டு வரலாம்."

அவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்காக ஒரு பொய்யை வாய்விட்டுக் கேட்டாள். "இருக்கணும்னு எழுத முடியுமோ?"

ராஜமணிக்குப் புரியவில்லை. "எதுக்கு மாமி?"

எதற்கு என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லிவிட்டாள். கட்டிய கணவரிடம் பதினோரு வருஷமாகச் சொல்லாததை ஒரு குழாய்க்காரரிடம். "தேய்க்கிற நேரத்துல நான் இங்க இருக்க மாட்டேன். வேற ஒரு எடத்துக்குப் போவேன். மனசாலதான். அங்க எனக்குன்னு ஒரு வீடு இருக்கு. கை பத்தா இருந்தா யாரும் கூப்பிட மாட்டா, அதனால போயிட்டு வர முடியறது. இனிமே கூப்பிட்டுண்டே இருப்பா."

சொன்ன பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. பைத்தியம் என்று நினைத்திருப்பாரோ?

ராஜமணி காபியை ஒரு வாய் குடித்தார். "கடல் தெரியுமா அங்க?" என்று கேட்டார்.

"தெரியும். ஜன்னல்லேந்து."

"கொள்ளாம்." நல்ல இடம்தான் என்று அவர் தலையை ஆட்டினார். "வாஷ்பேசினுக்கு அடியில மல்லாந்து படுத்துகிட்டு, தலையை உள்ள விட்டுகிட்டு வேல செய்யும்போ என்னையும் யாரும் விளிக்க மாட்டாவ மாமி. வேல முடிஞ்ச பொறவும் அஞ்சு நிமிசம் அப்படியே கெடப்பேன். சும்மா ஸ்பானரால ரெண்டு தட்டு தட்டினா, வீட்டுக்காரங்க இன்னும் வேல நடக்குன்னு நெனச்சுக்குவாவ." அவர் சின்னப் பையன் போலச் சிரித்துவிட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்து எழுதினார்: 'மெஷின் ஓடும்போது ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம்.'

விஜயலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். "ஆறு மாசம் போறாதே."

ராஜமணி கடைசி மூன்று வார்த்தையை அடித்துவிட்டு, 'எப்போதும்' என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்: 'உட்காரச் சிமெண்டுத் திண்டு ஒன்று, 900 ரூபாய்.'

ஹரிஹரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஸ்டிமேட்டை இரண்டு தடவை படித்தார். "இதென்ன திண்டு?"

"ஆளு பக்கத்துல இருக்கணும்லா சாமி. ரெண்டு மணி இருவது நிமிசம் நிக்க முடியுமா?"

காகிதத்தில் இருந்தது. ஹரிஹரன் கையெழுத்துப் போட்டார்.

மெஷின் வந்தது. ஓட்டிக் காட்ட வந்த கம்பெனிக்காரர், "அடுத்து ஆரும் நிக்கேண்ட ஆவஸ்யம் இல்ல சார்" என்று, பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை என்பதை மலையாளத்தில் தெளிவாகச் சொன்னார். ஹரிஹரன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்கு மெஷின் தெரியும், எங்க குழாய் தெரியாது" என்று எஸ்டிமேட்டை எடுத்து நீட்டினார். எச்சில் எந்தத் தட்டு, பத்து எந்தத் தட்டு என்பதையும் அவரே ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேல் ஒட்டியிருந்தார். கம்பெனிக்காரர் இரண்டையும் படித்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் இரண்டே காலுக்கு விஜயலக்ஷ்மி பாத்திரங்களை அடுக்கி, பட்டனை அமுக்கிவிட்டு, திண்டில் உட்கார்ந்தாள். ஈரமில்லாத கைகளை மடியில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. கண்ணை மூடினாள். படி வரவில்லை. குக்கர் இல்லாமல் எப்படி ஏறுவது? பயம் வந்தது. இவ்வளவு பொய்யும் பண்ணி, கடைசியில் வீடு போய்விட்டதோ?

கூடத்தில் போன் அடித்தது. "அம்மா, லலிதா மாமி உங்களை..." என்று ஸ்ரீலட்சுமி குரல் கொடுத்தாள்.

"அவளைக் கூப்பிடாதே" என்றார் ஹரிஹரன், கண்டிப்பாக. "மெஷின் ஓடறது."

அவள் மெஷின் கதவில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே தண்ணீர் சுற்றி வந்து மோதி, பின்வாங்கி, மறுபடி மோதிக்கொண்டிருந்தது. எங்கே கேட்ட சத்தம் இது என்று யோசித்தபோது, அவள் ஏற்கனவே பத்தாவது படியில் நின்றுகொண்டிருந்தாள். நீலக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போய் ஜன்னலைத் தள்ளினாள்.

பதினோரு வருஷமாகக் குழாய்ச் சத்தத்திலும் சட்டி தேய்க்கிற சத்தத்திலும் அந்த ஜன்னலிலிருந்து கடலைப் பார்க்க மட்டும்தான் முடிந்திருந்தது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்கு அது கேட்டது. இன்னும் இரண்டு மணி நேரம் கேட்கும்.